மர ரோலர் கோஸ்டரை எடைபோடுவது எப்படி

"குலுக்கி எடுத்துவிட்டது, மோசம்" என்பார் ஒருவர். "ஒவ்வொரு மேட்டிலும் ஆளைத் தூக்கியது, அருமை" என்பார் அடுத்தவர். இருவரும் ஏறியது ஒரே மரக் கோஸ்டர், அதாவது பொழுதுபோக்குப் பூங்காவில் மரத் தண்டவாளத்தின் மேல் மேடுபள்ளமாக ஓடும் ரோலர் கோஸ்டர். முதலாமவர் சொல்வது பராமரிப்பை, இரண்டாமவர் சொல்வது பாதையின் வடிவத்தை. மரக் கோஸ்டர் பற்றிய சண்டைகளில் பாதி இப்படித்தான் வருகின்றன. பாதையின் வடிவம், அதில் ஓடும் ரயில், பராமரிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகினால் உங்கள் கருத்து யார் முன்னாலும் நிற்கும்.

முதலில் எது மரக் கோஸ்டர் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். தீர்மானிப்பது தண்டவாளம், அதைத் தாங்கும் சட்டகம் அல்ல. பலகைகளைப் பொதுவாக எட்டு அடுக்காக அடுக்கி இறுக்கி, சக்கரம் படும் இடங்களில் மட்டும் தட்டையான இரும்புப் பட்டை வைத்தால் அது மரத் தண்டவாளம். மேல் அடுக்குகள் கீழே உள்ளவற்றைவிட அகலமாக இருக்கும். மேலே ஓடும் சக்கரமும் பக்கவாட்டுச் சக்கரமும் போக, அந்த விளிம்புக்கு அடியில் ஓடும் மூன்றாவது சக்கரம்தான் ரயில் மேலே எகிறாமல் பிடித்துக்கொள்கிறது. கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் அதற்கு 1919இல் காப்புரிமை பெற்ற பிறகே செங்குத்தான மேடுகள் சாத்தியமாயின. 1902இல் கட்டிய லீப் த டிப்ஸ் என்ற கோஸ்டரில் அந்தச் சக்கரம் இல்லை. அதன் மேடுகள் அவ்வளவு மென்மையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நியூயார்க்கில் கோனி ஐலண்டிலுள்ள சைக்ளோன் (1927) இரும்புச் சட்டகத்தின் மேல் நிற்கிறது. ஆனாலும் அது மரக் கோஸ்டர். அமெரிக்காவின் சீடர் பாயின்ட் பூங்காவிலுள்ள ஸ்டீல் வெஞ்சன்ஸ் (2018) பழைய மரச் சட்டகத்தில் எழுந்தது. ஆனால் தண்டவாளம் முழுக்க எஃகு. அதை ஹைப்ரிட் (கலப்பு வகை) என்று தனியாக வைப்பதே நியாயம். எல் டோரோ (2006) போன்ற கோஸ்டர்களில் தண்டவாளத் துண்டுகளைத் தொழிற்சாலையிலேயே துல்லியமாக வெட்டிக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். அதில் மரத்துக்குரிய அதிர்வே இல்லை என்று பழைமை விரும்பிகள் குறைப்படுவார்கள். வகையில் அது மரம்தான். அதிர்வு வேண்டுமா என்பது ரசனை. இரண்டையும் ஒரே வாதமாக்காதீர்கள்.

எங்கே உட்கார வேண்டும், எப்போது ஏற வேண்டும்

ஒரே ஒரு முறை ஏறிவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குறைந்தது மூன்று முறை ஏறுங்கள்: முன் வரிசையில் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று, நடுவில் ஒன்று. அவற்றில் ஒன்றாவது மாலையில் இருக்கட்டும்.

இதற்குக் காரணம் ரயிலின் நீளம். ஒரு மேட்டைக் கடக்கும்போது, ரயிலின் நடுப்பகுதி உச்சியில் இருக்கும் நேரத்தில்தான் வேகம் மிகக் குறைவு. முன் வரிசை உச்சியைத் தொடும்போது ரயில் இன்னும் முழுதாக வேகம் இழக்கவில்லை. அதனால் ஏறி முடிக்கும் இடத்தில் தூக்கல் (உடல் இருக்கையை விட்டு எழும்பும் உணர்வு) கிடைக்கும். கடைசி வரிசை உச்சிக்கு வரும்போது முன்பாதி கீழே விழத் தொடங்கியிருக்கும். அது பின்னால் இருப்பவரை உச்சிக்கு மேலாக இழுத்துக்கொண்டு போகும். முதல் பெரிய சரிவுக்குக் கடைசி வரிசையைப் பலர் விரும்புவது இதனால்தான். நடு வரிசையில் இரண்டும் குறைவு. ஆனால் நடுவிலும் ஒரு கோஸ்டர் நன்றாக இருந்தால் அதன் வடிவம் உண்மையிலேயே வலுவானது.

பெட்டிக்கு மூன்று வரிசை உள்ள ரயிலாக இருந்தால் 2, 5, 8, 11ஆம் வரிசைகள் பெட்டியின் மையத்தில் வரும். ஒவ்வொரு பெட்டியிலும் முதல் வரிசையும் மூன்றாம் வரிசையும் சக்கர அச்சுக்கு மேலேயே இருப்பதால் ஒவ்வொரு இடியும் நேராக முதுகில் இறங்கும். கடைசி வரிசையில் ஏறிக் குலுங்கியதை வைத்து முழுக் கோஸ்டரையும் கரடுமுரடு என்று எழுதுவது தவறு.

காலையில் சக்கரத்தின் பேரிங்கில் உள்ள கிரீஸ் கெட்டியாக இருக்கும், ரயில் மெதுவாக ஓடும். மாலைக்குள் எல்லாம் சூடேறி இளகும். ஆட்கள் நிறைந்த ரயில், காலி ரயிலைவிடப் பொதுவாக வேகத்தை நன்றாகத் தக்கவைக்கும். வித்தியாசம் சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். அடுத்த கணக்கைப் பாருங்கள்.

ஏர்டைம் என்னும் தூக்கல்: வேகத்தின் வர்க்கம்

மேட்டின் உச்சியில் எடையே இல்லாததுபோல் மிதக்க, வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 வர வேண்டும். விநாடிக்கு 15 மீட்டர் வேகமென்றால் ஆரம் சுமார் 23 மீட்டர். அதே மேட்டை 10 சதவீதம் கூடுதல் வேகத்தில் கடந்தால் அந்த மதிப்பு 21 சதவீதம் கூடும். இருக்கையிலிருந்து உடல் எழும்பி மடியிலுள்ள கம்பியில் முட்டும். 10 சதவீதம் குறைந்தால் 19 சதவீதம் குறையும். தொடை இருக்கையிலேயே ஒட்டியிருக்கும். காலையில் ஏறியவரும் இரவில் ஏறியவரும் மோதிக்கொள்வது இதனால்தான்.

மெதுவாக மிதக்க வைப்பதை ஃப்ளோட்டர் என்றும், பிடுங்கி எறிவதுபோல் தூக்குவதை இஜெக்டர் என்றும் சொல்வார்கள். எது உயர்ந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. எத்தனை முறை கிடைக்கிறது, எந்த இடத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள். குறிப்பாக, கடைசி மூன்றில் ஒரு பங்குப் பாதையில் தூக்கல் இருக்கிறதா? முதல் சரிவின் ஆற்றலை வைத்து இரண்டு மேடு நன்றாகப் போடுவது எளிது. வேகம் வடிந்த பிறகு மேடுகளின் உயரத்தையும் ஆரத்தையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொண்டே வருவதில்தான் வடிவமைப்பாளரின் கை தெரியும்.

கனோபல்ஸ் பூங்காவின் ஃபீனிக்ஸ் கோஸ்டர் இதற்கு நல்ல பாடம். 1948இல் சான் அன்டோனியோவில் ராக்கெட் என்ற பெயரில் கட்டியதைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1985இல் பென்சில்வேனியாவில் மறுபடி நிறுத்தினார்கள். உயரம் சுமார் 24 மீட்டர்தான். ஆனால் கடைசிச் சிறு மேடுகள் வரை தூக்கிக்கொண்டே இருக்கும். அங்குள்ள மடிக்கம்பி தொடையை அழுத்தாமல் இடம் விடுவதும் பெரிய காரணம். அதே பாதையில் இறுக்கமான கம்பியும் பெல்ட்டும் வைத்தால் பாதி இன்பம் போய்விடும். ஆகவே குறிப்பெழுதும்போது "மேடு நன்றாக இருந்தது, கம்பி கெடுத்தது" என்று பிரித்து எழுதுங்கள்.

உயரம் ஒரு தகுதி என்று நினைப்பவர்களுக்கு சன் ஆஃப் பீஸ்ட் என்ற கோஸ்டரின் கதையே போதும். 2000இல் சுமார் 66 மீட்டர் உயரத்தில் திறந்தார்கள். 2006இல் மரச் சட்டகத்தில் ஒரு பகுதி உடைந்து பயணிகள் காயமடைந்தனர். 2009க்குப் பிறகு ஓடவே இல்லை. நீளமும் அப்படித்தான். 2,243 மீட்டர் நீளமுள்ள தி பீஸ்ட் (1979) காட்டுக்குள் ஓடும் அழகுக்காகவும் இறுதிச் சுழலுக்காகவும் போற்றப்படுகிறது. ஏர்டைம் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றமே. தி வாயேஜ் (2006) நீளத்தோடு தூக்கலையும் தருவது அரிதான சேர்க்கை.

குலுக்கலைப் பிரித்தறிதல்

நுண்ணிய, ஒரே சீரான நடுக்கம் மரத்தின் இயல்பு. அதைக் குறையாகச் சொல்லத் தேவையில்லை.

சரிவின் அடியில், சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் ஒரு பலத்த இடி விழுந்தால் அங்கே அடுக்குகள் நசுங்கிக் குழி விழுந்திருக்கும். விசை மிக அதிகமாக இறங்கும் இடம் அது. ஒரு குழியில் விழுந்து எழும் ரயில் சற்றுத் தள்ளி மறுபடி விழுகிறது, அங்கே அடுத்த குழி உருவாகிறது. கவனிக்காமல் விட்டால் தொடர் இடியாக, சாலையை உடைக்கும் ஜாக்ஹேமர் வைத்ததுபோல் மாறிவிடும். இடமும் வலமும் மாறிமாறி மோதினால் இரண்டு சந்தேகங்கள்: தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் கூடியிருக்கலாம், அல்லது நீளமான பெட்டி இறுக்கமான திருப்பத்துக்கு வளைந்து கொடுக்காமல் இருக்கலாம். மில்லேனியம் ஃப்ளையர் என்ற வகை ரயிலில் பெட்டிக்கு ஒரே வரிசை வைத்ததன் பயன் இங்கேதான் தெரியும்.

எது என்று கண்டுபிடிக்க வேறொரு பெட்டியில் ஏறுங்கள். அதே இடத்தில் அதே இடி வந்தால் கோளாறு தண்டவாளத்தில். ஒரு பெட்டியில் மட்டும் வழியெங்கும் வந்தால் சக்கரத்தில். இரண்டு ரயில் ஓடினால் இரண்டிலும் ஏறிப் பார்ப்பது இன்னும் நல்லது.

பிரேக்கையும் மறக்காதீர்கள். பாதை நடுவே உள்ள பிரேக் ஒரு நாள் பலமாகப் பிடிக்கும், மறுநாள் தொடாமலே விடும். பிரேக்குக்கு முன், பின் என்று இரண்டு குறிப்பு எழுதுங்கள்.

இரண்டை ஒப்பிடும்போது

பத்துக்கு எட்டரை, ஒன்பது என்று எண் போடுவதில் அதிகப் பயனில்லை. இன்றைய எட்டரையும் ஐந்தாண்டுக்கு முந்தைய எட்டரையும் ஒன்றல்ல. ஏறியவற்றை இரண்டிரண்டாக எடுத்து, இரண்டும் பக்கத்தில் இருந்து இரண்டுக்கும் காத்திருப்போர் வரிசை ஒரே நீளமாக இருந்தால் எதில் நிற்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டிலும் ஏறாதவரோடு அந்த ஜோடியைப் பற்றி வாதாட வேண்டாம்.

ஒவ்வொரு குறிப்பிலும் ஏறிய மாதம், ஆண்டு, நேரம், வரிசை, ரயிலின் வகை ஆகியவற்றைப் போடுங்கள். பூங்கா மூடியிருக்கும் பருவத்தில் சில நூறு மீட்டர் தண்டவாளத்தைப் புதிதாக அடுக்கினாலே சவாரி அடியோடு மாறிவிடும். அப்படி மாற்றியது தெரியவந்தால், குலுக்கலைப் பற்றிய பழைய குறிப்பை அடித்துவிட்டு மறுபடி ஏறுங்கள். மேடுகளைப் பற்றி எழுதியது பெரும்பாலும் அப்படியே செல்லும்.