வயலில் சோலார் போட நிலம் கொடுக்கும் முன்: தமிழ்நாட்டு விவசாயிகளுக்கான செய்முறை

ஒரு மெகாவாட் சோலார் நிலையத்துக்கு நான்கைந்து ஏக்கர் பிடிக்கும். வாடகை பேசுவதற்கு முன், அந்த நிலம் ஏட்டில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். பத்து வருடமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற காடுகூட 'அ' பதிவேட்டில் (ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த்துறை ஏடு) நஞ்சையாகவே இருக்கலாம். அனுமதி கொடுப்பவர் முதலில் புரட்டுவது அந்த ஏட்டைத்தான்.

1. ஏடுகளை எடுங்கள்

பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் எஃப்எம்பி வரைபடம்) மூன்றும் அரசின் இணையச் சேவையில் கிடைக்கும். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போடுங்கள். இணையப் பிரதியோடு நிற்காமல், விஏஓவிடம் உள்ள பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தையும் பாருங்கள். பஞ்சமி, பூமிதானம், கோவில் நிலம் என்று ஒரு வார்த்தை இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

புலப்படத்தில் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை குறுக்கே போகிறதா? அவை புறம்போக்கு. வேலிக்குள் அடைத்தால் பக்கத்துக் காட்டுக்காரரே முதல் மனு கொடுப்பார்.

கூட்டுப்பட்டா என்றால் உட்பிரிவு செய்த பிறகே அடுத்த படி. இல்லையேல் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

2. திட்டப் பகுதியா, வெளியா?

சர்வே எண்ணோடு நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். முழுமைத் திட்டத்துக்குள் (எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுத்த மாஸ்டர் பிளான்) இருந்தால் எந்த மண்டலம், அதில் சோலாருக்கு இடமுண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். இடமில்லை என்றால் நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவும் 2017 விதிகளும் பொருந்தும். உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் கலெக்டரின் இசைவு இல்லாமல் நகராது. புன்சை கைவசம் இருக்கும்போது நஞ்சையைக் கொடுப்பது வீண் அலைச்சல்.

3. துணைமின் நிலையம் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள்

விவசாயிகளுக்கான மத்திய அரசின் சோலார் திட்டமான பிஎம்-குசும் திட்டத்தின் 'ஏ' பிரிவு 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களுக்கானது. துணைமின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருப்பது நல்லது. தூரம் கூடினால் கம்பிச் செலவும் மின்னிழப்பும் கூடும். தரிசுக்கே முன்னுரிமை. சாகுபடி நிலமானால் தகடுகளை உயரமான கால்களில் நிறுத்தி, அடியில் பயிர் வைக்க வேண்டும். பவர் டில்லர் திரும்பக் கால்களுக்கு நடுவே இடம் விடச் சொல்லுங்கள். வரைபடத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

4. ஒப்பந்தம்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 30 வருடத்தைத் தாண்டினால் முத்திரைத் தீர்வை கூடும். மின் கொள்முதல் ஒப்பந்தம் 25 வருடம் என்பதால் அதற்கு மேல் இழுக்க அவசியமில்லை. குத்தகைக்குப் பதில் 'பவர்' (பொது அதிகாரப் பத்திரம்) எழுதிக் கேட்டால் கொடுக்காதீர்கள், அதை வைத்து நிலத்தை விற்கவும் முடியும். மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: வாடகை தொடங்கும் தேதி (மின் உற்பத்தி தொடங்கிய பிறகு என்று எழுதினால் வருடக்கணக்கில் காத்திருக்க நேரும்), ஆண்டு உயர்வு, முடிவில் கான்கிரீட் அடித்தளத்தைப் பெயர்த்து எடுப்பது யார் செலவு.

இலவச விவசாய மின் இணைப்பில் மோட்டார் போட்டுத் தகடு கழுவ விடாதீர்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் அபராதமும் உங்களுக்கே வரும். சோலார் வாடகை விவசாய வருமானம் ஆகாது. வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.