அலுவலகக் கணினிகளில் பென் டிரைவைத் தடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், பென் டிரைவை இயக்கும் யுஎஸ்பிஸ்டோர் சேவையின் ஸ்டார்ட் மதிப்பை 3-லிருந்து 4 ஆக்கினால் பென் டிரைவ் வேலை செய்யாது. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கைப்பேசி, கோப்புகளைப் பரிமாறும் எம்டிபி என்ற வேறு முறை வழியாக இணைகிறது. வேகமான வெளி எஸ்எஸ்டிகள் பல, யுஏஎஸ்பி என்ற வேறு டிரைவரில் ஓடுகின்றன. இரண்டையும் அந்த மதிப்பு தொடாது. யாருக்குமே வெளிச் சேமிப்புக் கருவி தேவையில்லை என்றால், கணினிகளுக்கு மொத்தமாக விதி வைக்கும் குரூப் பாலிசியின் ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்’ பகுதியில் எல்லா வகைக்கும் சேர்த்து அனுமதி மறுப்பதே சரி.

சிலருக்கு மட்டும் அனுமதி தர வேண்டிய இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. கருவியின் விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (மாடல் எண்) ஆகியவற்றை வைத்து அனுமதிப் பட்டியல் போடாதீர்கள். அவை தயாரிப்பாளரையும் மாடலையும் மட்டுமே சொல்பவை. அதே மாடலில் யார் வாங்கி வந்து செருகினாலும் உள்ளே நுழைந்துவிடும். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே காட்டும், சீரியல் எண் அடங்கிய இன்ஸ்டன்ஸ் ஐடிதான் வேண்டும். டிவைஸ் மேனேஜரில் ‘யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸ்’ மீது வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், டீடெயில்ஸ், டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத் என்று போனால் அது தெரியும். கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பகுதியைக் கவனியுங்கள். அதன் இரண்டாம் எழுத்து ‘&’ என்றால் அந்தக் கருவிக்குச் சொந்த சீரியல் எண் இல்லை; விண்டோஸே ஒன்றை உருவாக்கிக்கொண்டது. போர்ட் மாறினால் அதுவும் மாறும். அத்தகைய டிரைவ்களைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

இந்த அனுமதிப் பட்டியல், குரூப் பாலிசியில் கருவிகளை நிறுவவிடாமல் தடுக்கும் இன்ஸ்டாலேஷன் தடையோடு சேர்ந்து இயங்குவது. அந்தத் தடை புதிதாக நிறுவப்படும் கருவிக்குத்தான். முன்பே ஒருமுறை செருகிய டிரைவ் வழக்கம்போலத் திறக்கும். அதனால் புதுக் கணினியில் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். ஆண்டுக்கணக்கில் புழங்கிய கணினியில், பழைய டிரைவைச் செருகிப் பாருங்கள். ‘ஏற்கெனவே நிறுவியவற்றுக்கும் பொருந்தும்’ என்ற தேர்வு இருக்கிறதுதான். ஆனால் யுஎஸ்பி, ஹெச்ஐடி (கீபோர்டு, மவுஸ் போன்றவை) வகுப்புகளையே தடுத்துவிட்டு அதை டிக் செய்தால் கீபோர்டும் மவுஸும் போய்விடும். முதலில் ஒரே கணினியில், ரிமோட் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

லினக்ஸில் யுஎஸ்பி கருவிகளைக் கட்டுப்படுத்தும் யுஎஸ்பிகார்டு மென்பொருளைப் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கீபோர்டு, மவுஸ் இணைந்திருக்கும்போதே ‘ஜெனரேட்-பாலிசி’ கட்டளையால் விதிகளை எழுதிக்கொண்டு, பிறகுதான் சேவையைத் தொடங்க வேண்டும்.

சேமிப்புக் கருவியை மட்டும் தடுத்தால், கீபோர்டாக நடித்துத் தானே கட்டளை தட்டும் போலிக் கருவிகள் தப்பிவிடும். பேட்யுஎஸ்பி ஆய்வு 2014-லேயே இதைக் காட்டியது. அதனால் விண்டோஸில், செருகப்படும் கருவிகளைப் பதிவு செய்யும் ‘ஆடிட் பிஎன்பி ஆக்டிவிட்டி’யை இயக்கி வையுங்கள், புதுக் கருவி செருகப்பட்டால் செக்யூரிட்டி பதிவில் 6416 என்ற நிகழ்வு எண்ணில் தெரியும்.