ஓவன் வேணாம், ஸ்லோ குக்கர்லயே மசாலா தே (டீ) கேக்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாடகை ரூம்ல இருந்துகிட்டு ஓவன் எங்க வைக்கறது, சூப் வைக்க வாங்கின ஸ்லோ குக்கர்தான் எங்கிட்ட இருக்கு, அதுலயே இந்த கேக் பஞ்சு மாதிரி வருது. என்னோடது மூணரை லிட்டர், அளவெல்லாம் அதுக்குத்தான்.

முதல்ல தே. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். 150 மில்லி தண்ணில ஏலக்காய் 6, கிராம்பு 4, மிளகு 6, சின்னதா ஒரு பட்டை, கட்டைவிரல் அளவு இஞ்சி எல்லாத்தையும் தட்டிப் போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்கவிடுங்க. இஞ்சி தண்ணில நல்லா கொதிச்ச பிறகுதான் பால், பச்சை இஞ்சிய பால்ல போட்டா திரிஞ்சு போகலாம். தேத்தூள் 3 டீஸ்பூன் போட்டு ரெண்டு நிமிஷம், அப்புறம் 100 மில்லி பால், பொங்கினதும் வடிகட்டுங்க. 120 மில்லி இருந்தா போதும், கூட இருந்தா வத்தவிடுங்க. கடைல 'தே காவ்' (ஸ்ட்ராங் டீ) கேட்டா தருவாங்களே, அதவிட ஸ்ட்ராங்கா இருக்கணும், ஏன்னா சீனியும் பட்டரும் சேர்ந்தா வாசம் பாதி அமுங்கிடும். சுத்தமா ஆறட்டும், சூடா ஊத்தினா முட்டை வெந்துடும்.

பட்டர் 120 கிராம், பழுப்பு சீனி 150 கிராம் நல்லா அடிச்சு, முட்டை ரெண்டையும் ஒவ்வொன்னா சேருங்க. கோதுமை மாவு 200 கிராம் (வெள்ளை மாவு, ஆட்டா இல்ல), பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன் சலிச்சு, மாவு கொஞ்சம் தே கொஞ்சம்னு மாத்தி மாத்தி கலக்குங்க, மாவு மறைஞ்சதும் நிறுத்திடணும். உப்பு பட்டர்னா தனியா உப்பு வேணாம்.

பானைக்குள்ள பேக்கிங் பேப்பர் போடுங்க, ரெண்டு பக்கமும் மேல நீட்டிகிட்டு இருக்கட்டும், அத புடிச்சுதான் கேக்க தூக்கணும். கலக்கி வெச்ச மாவ அதுக்குள்ள ஊத்துங்க.

இப்ப மூடி. முதல் தடவை நான் சும்மா மூடிட்டேன், கண்ணாடில ஆவி முத்து முத்தா கோத்து சொட்டு சொட்டா கேக் மேலயே விழுந்து, மேல்பக்கம் குழி குழியா களி மாதிரி ஆயிடுச்சு, அத்தனை ஏலக்காயும் வீணா போச்சேன்னு மனசே கேக்கல. அதனால காஞ்ச குட்மார்னிங் துண்டு (மெல்லிசான பருத்தித் துண்டு) ஒன்ன மூடிக்கு அடியில இழுத்து விரிச்சு, முனைய மேல தூக்கி முடிச்சு போடுங்க, துண்டு மாவுலயும் படக்கூடாது, சூடான வெளிப்பக்கத்துலயும் தொங்கக்கூடாது.

ஹைல ரெண்டு மணி நேரம். முதல் ஒன்றரை மணி நேரம் திறக்கவே வேணாம், திறந்தா சூடு போயிடும், நடுவுல அமுங்கிடும். அப்புறம் சத்தே குச்சிய (மெல்லிசான மூங்கில் குச்சி) நடுவுல குத்திப் பாருங்க, ஈரமா ஒட்டினா இன்னும் கால் மணி நேரம். ஓரம்தான் முதல்ல வேகும், நடுவு லேட்டாகும்.

ஆஃப் பண்ணி, மூடிய எடுத்துட்டு கால் மணி நேரம் கழிச்சு தூக்குங்க. மேல்பக்கம் ஓவன் கேக் மாதிரி சிவக்காது, அதனால டின்பால்ல (கன்டென்ஸ்டு மில்க்) ஏலக்காய்த்தூள் கலக்கி இளஞ்சூட்டுலயே மேல தடவிடுவேன். மறுநாள் காலைல வெட்டினா துண்டு உதிராது, மசாலாவும் இன்னும் நல்லா ஊறியிருக்கும்.