கிராஸ்ஓவர் நைலான் கிட்டார்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டீல் தந்தி கிட்டாரில் பழகியவர் கிளாசிக்கல் கிட்டாரைக் கையில் எடுத்தால் முதலில் மிரட்டுவது அதன் நெக்தான். அகலம் அதிகம், விரல்பலகையும் தட்டை. வழக்கமாகப் பிடிக்கும் கார்டுகளுக்குக் கட்டைவிரல் எட்டாது. ஆனால் நைலானின் அந்த மெத்தென்ற ஒலி வேண்டும் என்பவர்களுக்காக வந்தவைதான் கிராஸ்ஓவர் கிட்டார்கள். நெக் கொஞ்சம் ஒல்லி, விரல்பலகையில் லேசான வளைவு, மேல் ஃப்ரெட்களுக்குக் (விரல்பலகையில் பதித்த உலோகக் கம்பிகள்) கை போகப் பெரும்பாலும் ஒரு கட்அவே (பாடியில் நெக் சேரும் ஓரத்தில் வெட்டிய வளைவு), உள்ளே ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு (ஆம்ப்) அனுப்பும் பிக்கப். யமஹா என்டிஎக்ஸ்1, கொர்டோபா ஃபியூஷன் வரிசை, டெய்லர் அகாடமி 12இ-என், கோடின் மல்டியாக் எல்லாம் இந்தக் குடும்பம்.

கடையில் இரண்டை வைத்து ஒப்பிடும்போது, கிட்டாரின் வித்தியாசம் என்று நாம் நினைப்பது பல சமயம் தந்தியின் வித்தியாசமாகவோ, செட்டப்பின் (தந்தி உயரம் முதலியவற்றைச் சீரமைப்பதன்) வித்தியாசமாகவோ, ஆம்ப்பின் வித்தியாசமாகவோ இருக்கும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

தந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் சுவரில் தொங்கிய கிட்டாரின் கீழ்ஸ்தாயித் தந்திகள் மங்கிப்போயிருக்கும். பக்கத்திலேயே நேற்று தந்தி மாற்றிய கிட்டார் பளிச்சென்று பேசும். புது நைலானோ இழுபட்டு நிலைக்கச் சில நாள் பிடிக்கும், அதுவரை டியூன் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து டியூனிங் கீ மட்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தந்தியின் இழுவிசையில் நார்மல் டென்ஷன், ஹார்டு டென்ஷன் என்ற வேறுபாடும் உண்டு. இரண்டில் ஒன்று என்ற நிலைக்கு வந்துவிட்டால், தந்திக்குக் காசு கொடுத்தாவது இரண்டிலும் ஒரே செட்டைப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் விரல்பலகைக்கு மேல் தந்தி நிற்கும் உயரம், அதாவது ஆக்‌ஷன். "இது அழுத்தவே கஷ்டமாக இருக்கு" என்று நல்ல கிட்டாரை ஒதுக்கிவிடுகிறார்கள். கிளாசிக்கல் கிட்டாரில் 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாம் தந்தி சுமார் 4 மி.மீ., முதல் தந்தி சுமார் 3 மி.மீ. உயரத்தில் இருப்பது சகஜம். கிராஸ்ஓவரில் அதைவிடத் தாழ்வாக வைப்பார்கள். உயரத்தைக் குறைக்க சேடிலை, அதாவது மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையின் மேல் தந்திகளைத் தாங்கும் பட்டையை, தேய்த்தால் போதும்: சேடிலில் 2 மி.மீ. எடுத்தால் 12-ஆவது ஃப்ரெட்டில் சுமார் 1 மி.மீ. இறங்கும். ஆகவே பார்க்க வேண்டியது, பிரிட்ஜுக்கு மேலே சேடில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பது. தந்தி உயரமாக இருந்தும் சேடில் ஏற்கெனவே தேய்ந்து கிடந்தால் நெக்கிலோ மேல்பலகையிலோ கோளாறு. அந்தக் கிட்டாரைத் தொடாதீர்கள்.

நட் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) அகலத்தில் எல்லாரும் எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். கிளாசிக்கலில் வழக்கம் 52 மி.மீ., கிராஸ்ஓவரில் 48-ஐ ஒட்டி, ஸ்டீல் தந்தியில் 43-ஐ ஒட்டி. சரி, ஆனால் அது இடது கைக்கான கணக்கு. வலது கை விரல்களுக்கு சேடில் பக்கம் தந்திகள் எவ்வளவு இடைவெளியில் நிற்கின்றன என்பதுதான் முக்கியம், அதை யாரும் கேட்பதே இல்லை. நெக்கின் தடிமனும் பாடியில் அது சேரும் இடமும் அதே அளவுக்குக் கையை மாற்றும். இதைப் புரிந்துகொள்ள நல்ல வழி, யமஹாவின் என்டிஎக்ஸ்1, என்சிஎக்ஸ்1 இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பது. இரண்டுக்கும் மேல்பலகை ஸ்ப்ரூஸ். முன்னதில் நட் 48, நெக் 14-ஆவது ஃப்ரெட்டில் சேர்கிறது, பாடி மெலிது. பின்னதில் 52, 12-ஆவது ஃப்ரெட், தட்டையான விரல்பலகை. பத்து நிமிடத்தில் உங்கள் கை பதில் சொல்லிவிடும். கிளாசிக்கலை முறையாகக் கற்கும் எண்ணம் இருந்தால், என் கருத்தில், கிராஸ்ஓவரே வேண்டாம்.

ஒலி விஷயத்தில் பெரிய அநியாயம், ஆம்ப்பில் மாட்டி வாசிப்பதற்காகச் செய்த கிட்டாரை வெறுமனே மீட்டித் தீர்ப்புச் சொல்வது. மெலிந்த பாடியில் கீழ்ஸ்தாயி குறையும். மேடையில் ஸ்பீக்கர் ஒலி கிட்டாருக்கே திரும்பி ஊளை கிளம்பாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. கோடின் மல்டியாக் போன்றவற்றைத் தனியாக மீட்டினால் சத்தமே வராது, மாட்டினால்தான் அது யார் என்று தெரியும். 1982-இல் கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் பெயரில் கிப்சன் செய்த செட் அட்கின்ஸ் சிஇ மாடலும் இதே யோசனைதான். வீட்டில் ஆம்ப் இல்லாமல்தான் வாசிக்கப்போகிறீர்கள் என்றால், உங்களுக்கு உதவாத விஷயத்துக்குப் பணம் போகிறது.

நைலானில் காந்தப் பிக்கப் வேலை செய்யாது. அதனால் பெரும்பாலும் சேடிலுக்கு அடியில் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பீசோ இருக்கும். பலமாக மீட்டினால் சில பீசோக்கள் பிளாஸ்டிக்கைத் தட்டியது போலக் கூர்மையாகக் கத்தும், அதைத் தேடிக் கேளுங்கள். இரண்டு கிட்டாரையும் ஒரே அக்கூஸ்டிக் ஆம்ப்பில், ஈக்யூ (ஒலித்தன்மைத் திருகுகள்) நடுவில், ரீவெர்ப் (எதிரொலி விளைவு) இல்லாமல் கேட்க வேண்டும். ரீவெர்ப் கல்யாண ஆல்பத்து மேக்கப் மாதிரி, எல்லா முகமும் ஒன்றாகிவிடும். யூடியூப் ஒப்பீடுகளிலும் இதே சிக்கல்தான். ஆறு தந்தியும் சமமாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் அமுங்கினால் சேடில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் எளிதாகச் சரிசெய்துவிடலாம்.

விலை: மேல்பலகை (ஒட்டுப்பலகையாக இல்லாமல்) முழுமரமாக இருப்பதற்குப் பணம் கொடுக்கலாம். மேடைக்கு வாங்கும் மெலிந்த கிட்டாரில் முதுகும் பக்கமும் முழுமரமா என்பதற்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தை நல்ல பிக்கப்பிலும் செட்டப்பிலும் போடுவேன்.

நெக் ஸ்டீல் கிட்டார் போல இருக்கிறதே என்று ஸ்டீல் தந்தி மாட்டிவிடாதீர்கள். இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வரும்.

பழையது வாங்குபவர்கள் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்க்கவும். உள்ளே நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது. பேட்டரிப் பெட்டியையும் திறந்து பாருங்கள். கசிந்து பச்சை பூத்திருந்தால், பிரீஆம்ப் (பிக்கப்பின் ஒலியை ஏற்றும் மின்சுற்று) மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.