சிற்பக் கொட்டிலுக்குச் செல்லும் ஓவியக் குழுவினருக்கு

வட இலங்கையின் வன்னியில் சிற்பாசாரியார் ஒருவரின் வேலைத்தலத்தைத் தேடுவோர் பெயர்ப்பலகையை எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலும் அது வீட்டு வளவின் ஓரத்தில் நிற்கும் தகரக் கொட்டிலாகவோ, திருப்பணி நடக்கும் கோயிலின் வெளிவீதியில் போட்ட பந்தலாகவோ இருக்கும். போருக்குப் பின் மீள்குடியேறிய ஊர்களில் கோயில்கள் பல மீளக் கட்டப்பட்டுள்ளதாலும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிசேகம் செய்வது வழக்கம் என்பதாலும், ஏதாவதொரு கோயிலின் பரிபாலன சபையாரிடம் சுவாமி வீதியுலா வரும் வாகனத்தையும் கோபுரப் பொம்மைகளையும் செய்தவர் யார் என்று விசாரிப்பதே சுருக்கமான வழி.

நாளைக் குறிக்கும்போது உங்கள் வசதியைவிட அவருடைய வேலையின் நிலையைக் கேளுங்கள். முடிந்த சிலையைக் கோயிலிலேயே பார்க்கலாம். பாதியில் நிற்கும் சிலையைக் கொட்டிலில் மட்டுமே பார்க்க முடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சீமெந்து வேலை தடைப்படும். திருவிழாவுக்கு முந்திய வாரங்களில் அவருக்குப் பேச நேரமிராது. தகரம் சூடேறுமுன், காலை 7 மணிக்கே போய்விடுவது நல்லது.

குழு 8 பேருக்கு மேற்படாதிருக்கட்டும். நான் ஒருமுறை 20 பேரை அழைத்துச் சென்றேன். மாணவர் ஒருவரின் புத்தகப்பை பட்டு, முதல்நாள் மாலை கம்பியில் சாந்து வைத்து ஈரச் சாக்கால் மூடியிருந்த அம்மன் கையின் இரண்டு விரல்கள் உதிர்ந்தன. ஆசாரியார் எதுவும் சொல்லவில்லை. சாந்தகப்பையை எடுத்து மீண்டும் தொடங்கினார். அன்றைய காலை முழுவதும் அதிலேயே போயிற்று. அதன் பிறகு பைகளை வாசலிலேயே வைப்பிக்கிறேன்.

உள்ளே போனதும் வாழ்க்கை வரலாற்றைக் கேட்கத் தொடங்காமல், கையிலுள்ள வேலையைத் தொடரச் சொல்லி, அரைமணி நேரம் பேசாமல் வரையுங்கள். பிறகு அளவைப் பற்றிக் கேளுங்கள். ஓவியர்களுக்கு அங்கே கிடைக்கும் பெரிய பாடம் அதுவே. தாலம் என்பது ஏறத்தாழ ஒரு முக நீளம். சிற்ப நூல்கள் கூறும் உத்தம தசதாலத்தில், அதாவது பத்துத் தால அளவின் உயர்ந்த வகையில், சிலையின் முழு உயரம் 124 கூறாகப் பகுக்கப்படுகிறது. ஒரு கூறே ஓர் அங்குலம். ஆகவே அது நமது அடிமட்டத்திலுள்ள அங்குலமன்று, சிலையின் உயரத்திலிருந்தே பிறக்கும் அளவு. மயிரெல்லையிலிருந்து கண்ணளவும், கண்ணிலிருந்து மூக்கு நுனியளவும், அங்கிருந்து நாடியளவும் முகம் மூன்று சம பாகமாக நிற்பதை, நூலொன்றை மடித்து அவர் காட்டுவார். அதே நூலைப் பிள்ளையாரின் மேல் பிடித்துப் பாருங்கள்: பஞ்சதாலத்தில், அதாவது ஐந்து தால அளவில், அமைவதால் தலை பெரிதாகவும் உடல் குறுகியும் நிற்கும். கோபுரத்தின் மேல்நிலைப் பொம்மைகளை ஏன் சற்று முன்சாய்த்து வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நிலத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணை எண்ணிச் செய்யப்படும் திருத்தம் அது.

மரவேலையாயின் வேம்பு, இலுப்பை போன்றவற்றை நிழலில் எவ்வளவு காலம் உலரவிடுகிறார், வாகனத்தின் கழுத்தை உடலோடு எப்படிப் பொருத்துகிறார் என்பன கேட்கத் தக்கவை. கருங்கல் செதுக்கும் இடத்தில் முகக்கவசம் இன்றி நிற்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிக் கேடு செய்யும். முடிந்த கல்வேலையைப் பார்க்க விரும்புவோர் அடுத்த நாளில் மன்னார்ப் பக்கம் சென்று, கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்டு 2022இல் கும்பாபிசேகம் கண்ட திருக்கேதீச்சரத்தின் தூண்களோடு தங்கள் குறிப்புகளை ஒப்பிடலாம்.

கண் திறக்கப்படாத, அதாவது கண்மணி இன்னும் தீட்டப்படாத, சிலையை வரைய அனுமதி எளிதில் கிடைக்கும். ஆயினும் ஒளிப்படம் எடுக்குமுன் கேட்டேயாக வேண்டும். கண் திறக்கும் நாளில் அழைக்காமல் போகாதீர்கள். அது சடங்கு, செயல்முறை விளக்கமன்று.

உங்களால் அவருடைய அரைநாள் வேலை தடைப்படுகிறது என்பதால், அதற்கான கூலியை முன்பே பேசி, புறப்படுகையில் கையில் கொடுங்கள். வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுப்பின் இன்னும் நன்று. அதற்கு முன் அன்று வரைந்தவற்றை அவரிடம் காட்டுங்கள். பென்சிலை வாங்கித் தோளையோ இடுப்பையோ அவர் திருத்தினால், அந்தக் கோட்டை அழிக்காமல் தேதியிட்டு வைத்திருங்கள்.