பத்து ரூபாய் பாக்கெட்டைத் திட்டுகிறோம், டப்பாவை நம்புகிறோம்

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் அப்பா அம்மாக்களின் பேச்சு, எங்கே சுற்றினாலும் கடைசியில் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டில் வந்து நிற்கும். "கண்டதையும் தின்னுட்டு ராத்திரி சோறு வேண்டாங்குறான்" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், பெல் அடிக்கும்வரை ஓடும். சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளியிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள் விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. எங்கள் பள்ளி வாசலில் எண்ணி இருபது தப்படியில் கடை.

ஆனால் எனக்கு அந்த பாக்கெட் மேல் அவ்வளவு கோபம் இல்லை. அது கெடுதல் என்று வாங்கிக் கொடுப்பவருக்கும் தெரியும், தின்பவனுக்கும் தெரியும். அதனாலேயே அளவு கொஞ்சமாவது கைக்குள் இருக்கிறது. கை மீறிப் போவது, நல்லது என்று நம்பி நாமே தினமும் கொடுக்கிற சாமான்களில்தான். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

டப்பாவின் முன்பக்கத்தோடு நின்றுவிடுவது

என் மகளுக்கு ஏழு வயது. காலையில் ஒரு டம்ளர், பள்ளி விட்டு வந்ததும் ஒரு டம்ளர் மால்ட் பால் குடிப்பாள். டப்பாவின் முன்பக்கத்தில் ஓடுகிற பையன், எலும்பு, மூளை, வைட்டமின் என்று எல்லாம் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேக் செய்வதற்காக வாங்கிய சின்னத் தராசு கையில் இருந்தபோது சும்மா ஒரு யோசனை வந்தது. டப்பாவைத் திருப்பினேன். எழுத்து அத்தனை பொடி, செல்போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. 100 கிராமில் சேர்த்த சர்க்கரை 32 கிராம். ஒரு தடவைக்கு 20 கிராம் பொடி போடச் சொல்கிறது. நாங்கள் போடுவது குவித்து இரண்டு ஸ்பூன், நிறுத்துப் பார்த்தால் 28 கிராம். அப்படியென்றால் டம்ளருக்கு 9 கிராம் சர்க்கரை. "பாப்பாவுக்கு இனிப்பு பத்தாதுப்பா" என்று என் அம்மா அதற்கு மேல் ஒரு ஸ்பூன் சீனி போடுவார், அது ஒரு 5 கிராம். இரண்டு டம்ளருக்கும் சேர்த்து 28 கிராம்.

2 வயதிலிருந்து 18 வயதுவரை உள்ளவர்களுக்குச் சேர்த்த சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று அமெரிக்க இதய சங்கம் சொல்கிறது. எங்கள் வீட்டில் பாலோடேயே அந்தக் கணக்கு முடிந்து கடனிலும் போய்விட்டது. பிஸ்கட், ஜாம், பஸ்ஸில் தோழி கொடுத்த மிட்டாய் எல்லாம் அதற்கு மேல்தான்.

'ஹெல்த் டிரிங்க்' என்று நாம் பழகிவிட்ட பெயருக்கே சட்டத்தில் இடமில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. அதனால்தான் 2024 ஏப்ரலில், பால், தானியம், மால்ட் கலந்த பானப் பொடிகளை அந்தத் தலைப்பில் அடுக்கி விற்க வேண்டாம் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது.

டப்பாவைத் திருப்பிப் படிப்பவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பின்பக்கத்து அட்டவணையில் சதவீதம் போட்டிருப்பார்கள். எங்கள் டப்பாவில் ஒரு தடவைக்குச் சர்க்கரை 13 சதவீதம் என்று இருந்தது. பரவாயில்லையே என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு, நாளைக்கு 2000 கிலோ கலோரி சாப்பிடுகிற பெரியவர்களுக்குப் போட்டது. சர்க்கரைக்கு 50 கிராம், சோடியத்துக்கு 2000 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு வகுத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு 25 கிராம்தான் வரம்பு என்றால் அந்த 13ஐ 26 என்று படிக்க வேண்டும். டப்பாவில் பிள்ளை படத்தைப் போட்டுவிட்டு சதவீதத்தை அப்பாவுக்குப் போடுகிறார்கள்.

சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. அதனால் முதல் மூன்று பெயரைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டில் முதல் பெயர் மைதாவாக இருக்கலாம். சர்க்கரையை ஒரே பெயரில் தேடாதீர்கள். லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். அப்புறம், அந்தப் பச்சைப் புள்ளி சைவம் என்பதற்கு மட்டும்தான் அடையாளம். உடம்புக்கு நல்லது என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழத்துக்குப் பதில் ஜூஸ், கரைசலுக்குப் பதில் டெட்ரா பேக்

பாட்டிலில் மாம்பழம் அறுத்து வைத்தது மாதிரி படம் இருக்கும். 'பழ பானம்' என்ற பெயருக்கு நம் நாட்டு விதி கேட்பது குறைந்தது 10 சதவீதப் பழச்சாறுதான். எலுமிச்சை என்றால் 5 சதவீதம் போதும். மிச்சம் தண்ணீரும் சர்க்கரையும். அடர்த்தியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்துவிட்டு '100% பழச்சாறு' என்று எழுதுவதையும் 2024 ஜூனில் எஃப்எஸ்எஸ்ஏஐ நிறுத்தச் சொன்னது. பாதி கொய்யாவை வெட்டி உப்பு மிளகாய்ப்பொடி தூவிக் கொடுப்பதற்கு ஆகும் நேரம், ஸ்ட்ராவைப் பிரித்துக் குத்துகிற நேரம்தான்.

இதிலேயே நான் செய்த பெரிய தவறு வேறு. மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது வயிற்றுப்போக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு மருந்துக்கடைக்கு ஓடி, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலை நினைத்து "ஓஆர்எஸ் குடுங்கண்ணே" என்றேன். ஆப்பிள் படம் போட்ட டெட்ரா பேக்கைக் கொடுத்தார்கள். சுவையாக இருந்ததால் பிள்ளையும் மறுக்காமல் குடித்தாள், எனக்கும் நிம்மதி. விடிந்தும் போக்கு நிற்கவில்லை. குழந்தை மருத்துவர் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஜூஸ் சார், ஓஆர்எஸ் இல்லை" என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், அதோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கும். அந்த மாதிரி அளவில் இருந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் சேர்த்து நன்றாக உறிஞ்சும். சர்க்கரை பல மடங்கு ஏறினால் அது தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும். அந்த அளவுக்கு இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற எழுத்தே வரக் கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவு வந்தது. இப்போதும் கேட்கும்போது "பொடி பாக்கெட், ஒரு லிட்டரில் கரைப்பது" என்று சேர்த்தே கேளுங்கள்.

நாட்டுச்சர்க்கரை கணக்கில் வராது என்று நினைப்பது

டப்பாக் கணக்கைச் சொன்னதும் அம்மா சீனியை நிறுத்திவிட்டார். மறுநாள் டம்ளரில் பால் கொஞ்சம் பழுப்பாக இருந்தது.

"என்னம்மா இது?"

"கருப்பட்டிப்பா. சீனிதான வேண்டாம்ன?"

இந்த வாதத்தில் ஜெயித்த மகன் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாது உண்டு, பொய்யில்லை. ஆனால் ஒரு ஸ்பூனில் கிடைப்பது சொற்பம். இரும்புக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல், சுவரொட்டி என்று நம்மிடம் வேறு வழி நிறைய இருக்கிறது. வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவும் நல்லதுதான், ஆனால் கஞ்சி காய்ச்சும்போது வெல்லத்தைக் கட்டி கட்டியாகப் போட்டால் கடை டப்பாவுக்கும் அதற்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் இருக்காது.

தேன் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டு வைக்கக்கூடத் தேன் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சுவரை பாதிக்கலாம். பெரியவர்கள் மனம் கோணாமல் இதைச் சொல்வது கஷ்டம்தான். மருத்துவர் வாயால் சொல்லவைப்பதுதான் எங்கள் வீட்டில் வேலை செய்தது.

பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுவது

2015 ஜூனில் நூடுல்ஸ் விவகாரம் வெடித்தது ஞாபகம் இருக்கும். ஈயம், எம்எஸ்ஜி (அஜினோமோட்டோ என்று நாம் சொல்கிற சுவையூட்டி) என்று ஊரெல்லாம் பேச்சு, நாடு முழுக்கத் தடை, ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அதிலிருந்து நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் வந்தது: பாக்கெட்டில் எம்எஸ்ஜி இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லை என்று எழுதியிருந்தால் கூடைக்குள் போட்டுவிடுவோம். பக்கத்திலேயே சோடியம் என்று ஒரு வரி இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஒரு சின்ன பாக்கெட்டில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாக. மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டு, கேரட், பீன்ஸ், ஒரு முட்டை சேர்த்துக் கிளறினால் பிள்ளைகளுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரிவதில்லை. என் மகள் கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆனது.

உணவில் சேர்க்கும் பொருட்களுக்குப் பாக்கெட்டில் போடுகிற ஐஎன்எஸ் எண்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலும் இப்படித்தான் பயமுறுத்தும். 500 என்றால் நாம் வீட்டில் வைத்திருக்கிற சமையல் சோடா. 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பதுதான். 322 லெசித்தின், முட்டை மஞ்சள் கருவிலும் இருப்பதுதான். எண் இருப்பதாலேயே விஷம் ஆகிவிடாது. நான் கண் வைப்பது 102, 110, 122, 124 போன்ற செயற்கை நிறங்களின் மேல். இவற்றைச் சேர்த்த உணவில், பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பாவில் 2010 ஜூலையிலிருந்து சட்டம். இங்கே அது இல்லை. இவையாவது அனுமதித்த நிறங்கள், பாக்கெட்டில் எழுதியிருக்கும். எதுவும் எழுதாமல் விற்கிற திருவிழாக்கடைச் சாமான்களில் இன்னும் மோசமானது இருக்கலாம். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்தது தெரிந்து, தமிழ்நாட்டில் அதன் விற்பனையையே தடை செய்தார்கள்.

அதேபோல, பதப்படுத்தியது என்றாலே பயப்படவும் வேண்டியதில்லை. அவல், தயிர், சேமியா எல்லாமே ஒரு வகையில் பதப்படுத்தியவைதான். பிரேசிலின் ஊட்டச்சத்து ஆய்வாளர் கார்லோஸ் மொன்டெய்ரோ, எவ்வளவு பதப்படுத்தியது என்பதை வைத்து உணவை நான்கு வகையாகப் பிரித்தபோது பிரச்சினை என்று காட்டியது கடைசி வகையை: வீட்டு அடுப்படியில் இருக்கவே இருக்காத பொருட்களை வைத்துத் தொழிற்சாலையில் உருவாக்குபவை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துவது

கணக்குப் போட்ட சூட்டில் நான் அதையும் செய்தேன். மால்ட், பிஸ்கட், சாஸ் எல்லாம் அடுத்த நாளே அலமாரியிலிருந்து காணாமல் போயின. அடுத்த வாரம் என் அண்ணன் வீட்டில் பிறந்தநாள். எல்லோரும் ஹாலில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, என் மகளை மட்டும் காணோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து நக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாக்கெட்டைப் பாவாடைக்குள் ஒளித்தாள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

"கீரை சாப்பிட்டா சாக்லேட்" என்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். பழகாத காயைத் தட்டில் ஓரமாக வைத்து, எதுவும் சொல்லாமல் பத்துப் பதினைந்து தடவை வைத்தால் ஒருநாள் கை போகும். அவரைக்காயில் நடந்தது. பாகற்காயில் நடக்கவில்லை.

மால்ட் டப்பா திரும்பி வந்தது. குவித்த இரண்டு ஸ்பூனைத் தலை தட்டிய இரண்டாக்கினோம், பத்து நாள் கழித்து ஒன்றரை, அப்புறம் ஒன்று. சாயங்கால டம்ளர் போய் அந்த இடத்தில் அவித்த கடலையோ சுண்டலோ வந்தது. அம்மா கருப்பட்டியைத் தன் காபிக்கு மாற்றிக்கொண்டார். காலையில் இப்போது அரை ஸ்பூனில் நிற்கிறது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறாள், நானும் விட்டுவிட்டேன்.