கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை: குறைந்த செலவில் நாமே போடும் கான்கிரீட் தளம்

கடலூரில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவில் இருக்கும் மண்ணில் வண்டி புதையும். கூத்தப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நானும் மச்சானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் சேர்ந்து அந்த இடத்துக்குக் கான்கிரீட் போட்டோம். கூலி மிச்சம், கம்பி மிச்சம். ஆனால் அடித்தளத்திலும் தண்ணீர் விடுவதிலும் மட்டும் மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

தை, மாசி மாதங்கள்தான் இதற்கு ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

எவ்வளவு பொருள்?

20 அடி நீளம், 9 அடி அகலம், 4 அங்குலக் கனம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 கன அடி. சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவைக்கு 14 மூட்டை சிமெண்ட், கால் யூனிட் எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), அரை யூனிட் முக்கால் அங்குல ஜல்லி போதும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கையில் பணம் இன்னும் குறைவா? சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் இரண்டரை அடி அகலத்தில் இரண்டு பட்டை போடுங்கள். 8 மூட்டையில் முடிந்துவிடும். நடுவில் புல் வளரும், மழைத் தண்ணீரும் அங்கே இறங்கிவிடும்.

கம்பி வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாக இறுகிய தரையில், கார் மட்டும் நிற்கும் தளத்துக்குத் தேவையில்லை. கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, துரு உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பி இல்லாவிட்டாலும் கலவைக்கு நல்ல தண்ணீரே எடுங்கள்.

அடித்தளம்

8 அங்குலம் தோண்டுங்கள். வேர், குப்பை, கறுப்பு மேல்மண் எதுவும் மிஞ்சக் கூடாது. கேப்பர் மலைப் பக்கம் செம்மண் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் மணல் என்பதால் தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும். களிமண் என்றால் இன்னும் அரை அடி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தையும் கிராவலால் (சரளை மண்) நிரப்பி இறுக்குவது நல்லது. பிறகு கிராவலை இரண்டு அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, திம்ஸ் கட்டையால் (தரையை இடித்து இறுக்கும் கனமான கட்டை) இடியுங்கள். அதன் மேல் இன்னொரு இரண்டு அங்குலம். நாலு அங்குலத்தையும் ஒரே அடியாகக் கொட்டி இடித்தால் மேல்பக்கம்தான் இறுகும். குதிகாலால் ஓங்கி மிதித்தாலும் தடம் விழக் கூடாது. நாங்கள் பழைய குழாய்ப் பள்ளத்தை மூடிய இடத்தில் இதைச் சோதிக்காமல் விட்டோம். அடுத்த கார்த்திகையில் சரியாக அந்தக் கோட்டிலேயே தளம் இறங்கி வெடித்தது. உடைத்து மறுபடி போட்டதில் இரண்டு மூட்டை சிமெண்ட் வீண்.

அப்புறம் நாலு அங்குல உயரப் பலகையை ஓரங்களில் நிறுத்தி முளை அடியுங்கள். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து, தெருப் பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். தெருக் கால்வாயை மட்டும் மூடிவிடாதீர்கள்.

கலவை

பத்தடிக்கு ஒரு இடத்தில் மூட்டு, அதாவது தளம் பிரியும் கோடு, விட வேண்டும். அதனால் நடுவில் பலகை வைத்து, இன்று ஒரு பாதி, இரண்டு மூன்று நாள் கழித்து மறுபாதி. ஒரு பாதிக்கு ஏழு மூட்டை. மூன்று பேர் காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் முடித்துவிடலாம்.

20 லிட்டர் பெயின்ட் பக்கெட்தான் அளவு. ஒரு மூட்டை சிமெண்டுக்கு, தலைதட்டி இரண்டரை பக்கெட் எம்.சாண்ட், ஐந்து பக்கெட் ஜல்லி. உலர்வாகவே நிறம் ஒன்றாகும்வரை புரட்டிவிட்டுத் தண்ணீர் சேருங்கள். மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, எம்.சாண்ட் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனைய வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக் கூடாது. தளர்வாக இருந்தால் இழுக்கச் சுலபம்தான், ஆனால் பலம் போய்விடும். ரப்பர் கையுறையும் பூட்ஸும் கட்டாயம். சிமெண்ட் தண்ணீர் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

கிராவலை நனைத்துவிட்டுக் கொட்டுங்கள். ஓரங்களில் கம்பியால் குத்தி, மட்டப்பலகையை ரம்பம் அறுப்பது போல் ஆட்டி ஆட்டி இழுங்கள். சற்று நேரத்தில் மேலே தண்ணீர் கசிந்து மினுமினுக்கும். அதன் மேல் சிமெண்ட் தூளைத் தூவித் தேய்ப்பது பலரின் பழக்கம். வேண்டாம், நாளை அது செதில் செதிலாக உரியும். மினுமினுப்பு தானாக மறையும்வரை காத்திருந்து, பிறகு கரணையால் தேய்த்து, தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒரே இழுப்பாகக் கோடு போடுங்கள். மழையில் வழுக்காது.

தண்ணீர் விடுவது

சரிவான தளத்தில் பாத்தி கட்டினால் தண்ணீர் நிற்காது. கோணிச்சாக்கை நனைத்து மூடி, பத்து நாளும் காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு ஒரு வாரம், காருக்கு 28 நாள் பொறுங்கள். கேட்டை ஒட்டிய இரண்டு அடியை மட்டும் துடைப்பம் படாமல் நைசாக விட்டோம். அங்கேதான் அம்மா கோலம் போடுகிறார்.